பத்துப் பவுண்டுக்குக் கைமாறிய கிளப்: வாசகர் கேள்வி–பதில்

இங்கிலாந்தின் வுல்வ்ஸ் (வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ்) கால்பந்து கிளப்புக்கு உரிமையாளராக இருந்த சர் ஜாக் ஹேவர்டு ஊருக்கு வாரிக் கொடுத்தவர் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கே: யார் இந்த ஹேவர்டு? பணம் எங்கிருந்து வந்தது? (கும்பகோணம்)

ப: 1923 ஜூன் 14-ல் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். அப்பா சார்லஸ் ஹேவர்டு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி கட்டி விற்றுத் தொழிலதிபராக வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜாக் விமானியாகி, பர்மா முனையில் பிரிட்டனின் 14-வது படைக்கு டகோட்டா விமானத்தில் சரக்கு கொண்டுபோனார். அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். 1950-களில் பஹாமாஸ் போய், கிராண்ட் பஹாமா தீவில் ஃப்ரீபோர்ட் என்ற துறைமுக நகரை உருவாக்கியவர்களில் ஒருவரானார். பெரும் பணம் அங்கே வந்தது. தேசப்பற்று மிகுந்தவர் என்பதால் பிரிட்டிஷ் கொடியின் பெயரான ‘யூனியன் ஜாக்’ என்றே பட்டப்பெயர். 1986-ல் சர் பட்டம். 2015 ஜனவரி 13-ல் காலமானார்.

கே: கப்பலை மீட்டார் என்கிறார்களே, அது என்ன கதை? (நாகப்பட்டினம்)

ப: எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன். புரூனல் என்ற பொறியாளர் வடிவமைத்து 1843 ஜூலை 19-ல் பிரிஸ்டலில் நீரில் இறங்கிய கப்பல். நீளம் 98 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கால்பந்து மைதானம். இரும்பு உடலும் நீரைத் தள்ளும் திருகு விசிறியும் (புரொப்பெல்லர்) கொண்ட முதல் பெருங்கடல் பயணிகள் கப்பல். ஆஸ்திரேலியா போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணி 1861-ல் ஏறியதும் இதில்தான். வயதான பின் தென் அட்லாண்டிக்கில் உள்ள ஃபாக்லாந்து தீவில் மிதக்கும் கிடங்காக நின்றது. 1937-ல் ஸ்பாரோ கோவ் என்ற ஆழமில்லாத நீரில் தரைதட்ட வைத்துக் கைவிட்டார்கள்.

எவான் கார்லெட் என்ற கப்பல் பொறியாளர் 1967-ல் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதி மீட்புப் பேச்சைத் தொடங்கிவைத்தார். இழுத்து வரும் செலவுக்கு ஹேவர்டு 1,50,000 பவுண்டு தந்தார். 1970-ல் மீட்புக் குழு பார்த்தபோது வலப்பக்க உடலில் மேலிருந்து கீழாகப் பெரிய பிளவு. தண்ணீரை இறைத்தால் விரிசல் வழியே அதே வேகத்தில் உள்ளே வரும். தீவு மக்களிடம் பழைய மெத்தைகளைக் கேட்டு வாங்கி அந்தப் பிளவில் அடைத்தார்கள். பிறகு மிதவை மேடையொன்றை நீருக்குள் அமிழ்த்தி, கப்பலை அதன்மேல் நகர்த்தி நிறுத்தி, மேடைக்குள் இருந்த நீரை வெளியேற்றினார்கள். மேடை எழும்ப, கப்பலும் எழும்பியது. இழுவைக் கப்பல் அதைச் சுமார் 8,000 மைல் இழுத்து வந்தது. கடைசி ஆற்றுத் தூரத்தைக் கப்பல் மேடையில்லாமல் தானாக மிதந்தே கடந்தது. 1970 ஜூலை 19-ல், நீரில் இறங்கி 127 ஆண்டு நிறைந்த அதே நாளில், தான் கட்டப்பட்ட பிரிஸ்டல் உலர்துறைக்குள் (நீரை வடித்துக் கப்பல் வேலை செய்யும் தொட்டி) நுழைந்தது.

கே: அத்தனை ஆண்டு கடலில் கிடந்த இரும்பு எப்படி இன்னும் நிற்கிறது? எங்கள் பள்ளி கோல் போஸ்ட்டுக்கு வருடா வருடம் பெயின்ட் அடித்தும் உரிந்து விழுகிறது. (வேதாரண்யம்)

ப: இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான், உப்பு. இரும்பின் நுண்துளைகளில் புகுந்த குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும். பிரிஸ்டலில் நீர்மட்ட உயரத்தில் கப்பலைச் சுற்றிக் கண்ணாடித் தளம் அமைத்து, கீழே இருக்கும் காற்றின் ஈரப்பதத்தை இயந்திரம் வைத்து 20 சதவீதம் அளவுக்கு இறக்கியிருக்கிறார்கள். 2005 முதல் இந்த ஏற்பாடு. அந்த வறட்சியில் துரு ஏறக்குறைய நின்றுவிடும்.

உப்பளத்துக் காற்றில் அது நடக்காது. ஆனால் உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட் அல்ல, அதன் அடியில் விட்ட உப்பு. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்த பின், நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை கழுவுங்கள். கிணற்று நீர் உப்புக் கரித்தால் அது உதவாது. வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அன்றைக்கே துத்தநாகம் கலந்த பிரைமர் ஒரு கோட், மேலே எனாமல் இரண்டு கோட். இரவு தாண்டினால் பனியோடு உப்பு மறுபடி படியும். பைப்பின் வாயை மூடியிருக்கிறதா பாருங்கள். திறந்திருந்தால் உள்ளே மழைநீர் நின்று அடியில் அரிக்கும். போஸ்ட் முதலில் முறிவது மண்ணைத் தொடும் இடத்தில்தான். அங்கே கான்கிரீட்டைத் தரைக்கு நான்கு விரல் மேலே தூக்கி, வெளிப்பக்கம் சரிவாகப் பூசிவிடுங்கள். ஏற்கெனவே அரித்து மெலிந்த போஸ்ட்டைப் பெயின்ட்டால் மறைக்காதீர்கள். பிள்ளைகள் தொங்கும் கம்பி அது.

கே: பெண்கள் கிரிக்கெட்டுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? (மயிலாடுதுறை, கல்லூரி மாணவி)

ப: உலகக் கோப்பையே அவர் பணத்தில் பிறந்தது, அம்மா. இங்கிலாந்து கேப்டன் ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட்டும் அவரும் பேசி உருவான யோசனை; செலவுக்கு 40,000 பவுண்டு தந்தார். 1973-ல் ஏழு அணிகள், 60 ஓவர் ஆட்டங்கள். ஜூலை 28-ல் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 279 எடுத்து, ஆஸ்திரேலியாவை 92 ரன்னில் வென்றது. ஆண்கள் உலகக் கோப்பை வந்தது 1975-ல்தான். 2025-ல் நம் பெண்கள் ஏந்திய கோப்பையின் ஆரம்பம் அங்கே இருக்கிறது.

கே: கிளப்பை வாங்கி என்ன செய்தார்? லாபமா நஷ்டமா? (மன்னார்குடி)

ப: பணக்கணக்கில் நஷ்டம். அவர் லாபத்துக்காக வாங்கவும் இல்லை. 1990-ல் வுல்வ்ஸை 21 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். அப்போது கிளப்பின் மோலினோ மைதானத்தில் இரண்டு பக்கம் பூட்டிக் கிடந்தன. 1985-ல் பிராட்ஃபோர்டில் மர அரங்கு தீப்பிடித்து 56 பேர் இறந்த பிறகு, பழைய அரங்குகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் மூன்று அரங்குகளைப் புதிதாகக் கட்டி 1993-க்குள் முடித்தார். அந்தச் செலவில் இரண்டு அரங்குகள் இன்றும் நிற்கின்றன.

ஆட்டக்காரர்களுக்குக் கொட்டிய பணம் அப்படியல்ல. ஒரு பயிற்சியாளர் வாங்கியவர் அடுத்தவருக்கு ஆகமாட்டார். எவ்வளவு கேட்டாலும் முதலாளி தருவார் என்று தெரிந்தால் விற்பவரும் விலையை ஏற்றுவார். இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக் போக 13 ஆண்டு பிடித்தது: 2003 மே மாதம் கார்டிஃப் நகரில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 3-0 என வென்று ஏறினார்கள். அடுத்த ஆண்டே கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கினார்கள்.

எங்கள் கணிப்பில் அவர் செய்த மிகக் கெட்டிக்காரக் காரியம் 2007-ல் விற்ற விதம். விலை வெறும் 10 பவுண்டு. ஆனால் வாங்கும் ஸ்டீவ் மோர்கன் கிளப்புக்குள் 3 கோடி பவுண்டு போட வேண்டும் என்பது நிபந்தனை. தன் பைக்கு வர வேண்டிய விலையைக் கிளப்பின் கல்லாவுக்குத் திருப்பிவிட்டார். 1969-ல் இங்கிலாந்துக் கரையோரம் உள்ள லண்டி தீவுக்கும் இதே புத்திதான். தீவை வாங்க 1,50,000 பவுண்டு கொடுத்தார். தீவு, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பெயருக்குப் போனது; பராமரிப்பு, பழைய கட்டடங்களைப் பேணும் லேண்ட்மார்க் டிரஸ்ட்டுக்குக் குத்தகையானது. யார் பேரில், யார் பொறுப்பில் என்று இரண்டுமே எழுத்தில் முடிந்தன.

கே: எங்கள் ஊர்க்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். கால்பந்து அணிக்கு ஐந்து லட்சம் தருகிறேன் என்கிறார். எப்படி வாங்குவது? (கூத்தாநல்லூர்)

ப: முதலில் அவருடைய பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவர் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் பாயும். அதில் பதிவு பெற மூன்று ஆண்டு இயங்கிய அமைப்பும் 15 லட்சம் செலவுக் கணக்கும் கேட்பார்கள். புது அணி அந்த ஒரு தொகைக்கு முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். அண்ணன் தம்பி கணக்கில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அணி இன்னும் பதிவாகவில்லை என்றால், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதியுங்கள். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். தொகை முழுவதையும் ஜெர்சிக்கும் கோப்பைக்கும் செலவழிக்காமல், மைதானத்து வடிகாலுக்கு முதலில் ஒதுக்குங்கள். நம் களிமண்ணில் ஐப்பசி மழை இறங்கினால் மாதக்கணக்கில் ஆட முடியாது. மைதானம் 68 மீட்டர் அகலம் என்றால் நடுவை ஓரத்தைவிட 34 சென்டிமீட்டர் உயர்த்தி, இரு ஓரமும் வாய்க்கால் எடுத்து, அருகிலுள்ள வடிகாலோடு இணையுங்கள். மேலே கொஞ்சம் மணல் தூவிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். களியோடு சேர்ந்து கோடையில் செங்கல் போல இறுகிவிடும்.