தாத்தா வைத்திருந்த இரும்புத் துண்டு எம்டன் குண்டா?

கேள்வி: சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தா, கனமான வளைந்த இரும்புத் துண்டு ஒன்றை விட்டுப் போயிருக்கிறார். 'எம்டன் போட்ட குண்டு' என்பார். உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: அது உடைந்த சில்லுதானே? முழுக் குண்டாக இருந்தால் தொடவே வேண்டாம், உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நூறு வருடம் ஆனாலும் உள்ளே இருக்கும் மருந்து வெடிக்கலாம்.

சில்லுதான் என்றால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜெர்மானிய இலகுரகப் போர்க்கப்பலான எம்டனின் பத்துப் பீரங்கிகளுமே 10.5 செ.மீ. குழல் விட்டம் கொண்டவை. 1914 செப்டம்பர் 22 இரவு, அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் சென்னையில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து, சுமார் 130 குண்டுகளைச் சுட்டார். தொட்டிகள் பற்றி எரிந்தன. ஐந்து பேராவது இறந்தார்கள். உயர் நீதிமன்றம் வரை குண்டு வந்து விழுந்தது.

ஆகவே ஓர் அட்டையில் 105 மி.மீ. விட்டத்துக்கு வட்டம் வெட்டி எடுங்கள். அந்த ஓட்டையின் விளிம்பில் சில்லின் வெளி வளைவைப் பொருத்திப் பாருங்கள். மூக்குப் பக்கம் கூம்பிப் போகும். நேரான உடல் பகுதியைத்தான் அளக்க வேண்டும். செம்புப் பட்டை ஒட்டியிருந்து அதில் சாய்வான வரிகள் தெரிந்தால், பீரங்கியிலிருந்து சுடப்பட்ட குண்டு என்பது உறுதி. 1943இல் ஜப்பானிய விமானமும் சென்னையில் குண்டு போட்டிருக்கிறது. விமானக் குண்டில் அந்தப் பட்டை இருக்காது.

ஆனால் வளைவு பொருந்திவிட்டது என்பதற்காக முடிவுகட்டிவிடாதீர்கள். பிரிட்டிஷ் நான்கு அங்குலக் குண்டு 102 மி.மீ.; வெடித்து நெளிந்த இரும்பில் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அளவு வெகுவாகத் தள்ளிப்போனால் எம்டன் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். மீதியைத் தாத்தாவின் கதைதான் சொல்ல வேண்டும். அந்தத் துண்டு யார் கையிலிருந்து, எந்த இடத்திலிருந்து, எந்த வருடம் வந்தது? எம்டன் சென்னையைச் சுட்டது அந்த ஒரே இரவுதான். ஏழு வாரத்துக்குள், நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் அதை நொறுக்கிவிட்டது. 'எம்டன் மறுபடி வந்தபோது' என்று யாராவது சொன்னால் அது தவறு.

வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் இப்போதே எழுதி வாங்குங்கள், எனக்கு அளவுகோலைவிட அதுதான் முக்கியம். துண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், பெயின்ட் அடிக்காமல், முதலில் அதன் படத்தையும் அந்தக் குறிப்பையும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.