ரோஜாவுக்கு எத்தனை சான்றிதழ்?

(கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் ரோஜாப் பண்ணை மேலாளராக வேலை பார்த்துவிட்டு ஓசூர் திரும்பியவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: இரண்டு ஏக்கர் பாலிஹவுஸில் தாஜ்மகால் ரோஜா போட்டிருக்கிறேன். பிப்ரவரி சீசனுக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பலாம் என்று ஏஜெண்டிடம் கேட்டால், ‘எம்.பி.எஸ். இருக்கிறதா, குளோபல் கேப் இருக்கிறதா, எஃப்.எஸ்.ஐ. கூடையில் வருவீர்களா’ என்று அடுக்குகிறார். எல்லாம் வாங்கியே ஆக வேண்டுமா? – வாசகர், பாகலூர்

பதில்: எல்லாம் வேண்டாம். முதலில் எஃப்.எஸ்.ஐ. குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அது சான்றிதழ் அல்ல. 2013-இல் தொடங்கிய, பூ வியாபாரத்துக்கான கூட்டமைப்பு. பண்ணைக்காரர்கள், மொத்த வியாபாரிகள், சூப்பர் மார்க்கெட்டுகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாரும் அதில் உண்டு. ஏற்கெனவே இருக்கிற சான்றிதழ்களில் எவை தேறும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் கூடை என்கிறார்கள். சாகுபடி முறை, தொழிலாளர் நிலை, சுற்றுச்சூழல் கணக்கு என்று மூன்று பிரிவு. மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி சான்றிதழ்கள் கையில் இருந்தால் சரி.

இதன் அருமை பழைய நிலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் இருந்த பண்ணைக்கு ஒரு கம்பெனி ஆள் வந்து மருந்து அறைப் பூட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். கொஞ்ச நாளில் வேறொரு கம்பெனி ஆள் வந்து அதே பூட்டை வேறு படிவத்தில் எழுதுவார். இரண்டு தடவையும் செலவு பண்ணை தலையில்.

நீங்கள் சுற்றுச்சூழல் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கான எம்.பி.எஸ். முறை 1995 முதல் நடப்பில் இருக்கிறது. மருந்து, உரம், மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும். அதை வைத்து ஏ, பி, சி என்று தரம் போடுவார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்பே ஒரு நோட்டுப் போட்டு எழுதிப் பாருங்கள்: எந்தப் பாத்தி, செம்பேனுக்கு என்ன அடித்தோம், எத்தனை லிட்டர். பேனைப் பார்த்து அடித்தது எத்தனை, கிழமையைப் பார்த்து அடித்தது எத்தனை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நைவாஷாவில் பல பண்ணைகள் செம்பேனைத் தின்னும் பைட்டோசீலஸ் என்ற இன்னொரு பேனை விட்டுத்தான் சமாளிக்கின்றன. அதை விட்டபிறகு சாம்பல் நோய்க்குக் கண்ட மருந்தை அடிக்க முடியாது, அதுவும் செத்துப்போகும்.

இதெல்லாம் செய்தால் விலை கூடுமா என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலும் கூடாது. நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலத்தில் கடிகார முள் மேல் விலையிலிருந்து கீழே இறங்கும். முதலில் பொத்தானை அமுக்குகிறவருக்குப் பூ. அந்த ஒரு நொடியில் அவர் பார்ப்பது காம்பு நீளத்தையும் மொட்டையும்தான். சான்றிதழ் உள்ளே விடுகிற டிக்கெட், அவ்வளவே. நியாய வணிகச் சான்றிதழான ஃபேர்டிரேடு மட்டும் விதிவிலக்கு: பூ விலைக்கு மேல் 10 சதவீதம் போலத் தனித்தொகை வரும், ஆனால் அது முதலாளிக்கு இல்லை, தொழிலாளர் குழுவுக்கு. எஃப்.எஸ்.ஐ. கூட்டமைப்பில் எனக்குள்ள வருத்தமும் இதுதான். மேசை பொதுவாகிவிட்டது, பில் இன்னும் பண்ணைக்குத்தான் வருகிறது. சாகுபடி முறைக்கான சான்றிதழான குளோபல் கேப்பைச் சிறு பண்ணைகள் சேர்ந்து குழுவாகவும் வாங்கலாம். உங்கள் பக்கத்தில் நாலு பேரைப் பிடியுங்கள்.

கேள்வி: ரோஜாவை விமானத்தில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டு ‘பசுமை’ என்று பேசுவது வேடிக்கையாக இல்லையா? – வாசகி, கோவை

பதில்: கேட்கும்போது வேடிக்கைதான். ஆனால் பிரிட்டனின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 2007-இல் கணக்குப் போட்டபோது, விமானப் பயணத்தையும் சேர்த்தே கென்ய ரோஜாவின் கரியமில வாயு டச்சு ரோஜாவைவிடப் பல மடங்கு குறைவாக வந்தது. குளிர்காலத்தில் அங்கே கண்ணாடி வீட்டுக்குச் சூடும் வெளிச்சமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். நைவாஷாவில் வெயில் இலவசம். அதற்காக விமானம் புனிதமாகிவிடாது. கென்யத் துறைமுகமான மோம்பாசாவிலிருந்து குளிர்சாதனக் கன்டெய்னரில் கப்பலேற்றுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும், எல்லா ரகமும் தாங்காது.

கேள்வி: நைவாஷா ஏரியை வற்ற வைத்ததே பூப்பண்ணைகள்தான் என்கிறார்களே? – வாசகர், ஓசூர்

பதில்: பங்கு உண்டு, முழுப் பழி இல்லை. 2009 வறட்சியில் தண்ணீர் இறங்கியபோது எல்லாரும் பண்ணைகளைக் கைகாட்டினார்கள். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் மலேவா ஆற்றின் மேட்டில், அபர்டேர் மலைச்சரிவில், சிறு விவசாயிகள் ஆற்றங்கரை வரை உழுதிருந்தார்கள். மழை பெய்தால் மண் மொத்தமும் ஏரிக்கு.

அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப்., கேர் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்களும் நடுவில் நின்று ஓர் ஏற்பாடு செய்தன. சரிவின் குறுக்கே வரிசையாகப் புல்லும் மரமும் நடும் மேட்டு விவசாயிகளுக்கு, பூப்பண்ணைகளும் இருக்கிற கீழ்ப்பகுதித் தண்ணீர்ப் பயனாளர் சங்கம் வவுச்சர் கொடுக்கும். அதைக் காட்டி விதை, உரம் வாங்கிக்கொள்ளலாம். தொகை சின்னதுதான். ஆனால் நட்ட புல் நேப்பியர். மாட்டுக்குத் தீவனம் ஆகிறதே, அதை யார் பிடுங்கிப் போடுவார்கள்? நான் பார்த்த கூட்டு முயற்சிகளில் பணம் கீழிருந்து மேலே போனது இது ஒன்றில்தான். கூடை, பட்டியல் எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் பிடித்தது.

நம் ஊரிலும் ஏதாவது செய்யலாமே என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தென்பெண்ணையில் நமக்கு மேலே இருப்பது பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும். அங்கே யார் கையில் வவுச்சரைக் கொடுப்பது?