புரோகிதர் இல்லாத திருமணம் சட்டப்படி செல்லுமா?

கேள்வி: உசிலம்பட்டியில் வசிக்கிறோம். என் மகள் வேறு சாதியைச் சேர்ந்த இளைஞரை மணக்கவிருக்கிறாள். இரு வீட்டாருக்கும் சம்மதம். ஓமமும் மந்திரமும் வேண்டாம் என்பது பிள்ளைகளின் விருப்பம். சாதி மாறிச் செய்வதென்றால் ஆரிய சமாஜத்தில் நடத்தினால்தான் செல்லும் என்கிறார் எங்கள் உறவினர். அது சரியா?

பதில்: இன்றைய சட்டப்படி சரியல்ல, ஆனால் அவர் சொல்வது ஒரு காலத்தில் பெருமளவு உண்மையாக இருந்தது. கேசவ சந்திர சென் முதலான, பிரம்ம சமாஜம் என்ற சமயச் சீர்திருத்த இயக்கத்தாரின் முயற்சியால் 1872-இல் வந்த திருமணச் சட்டத்தின்கீழ் மணம் புரிய விரும்பியவர்கள், தாங்கள் இந்துக்களே அல்ல என்று உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தது. சீர்திருத்தம் வேண்டுமானால் சமயத்தைக் கைவிடு என்பதுபோன்ற அந்த நிபந்தனைக்கு உட்படாமலே ஆரிய சமாஜத்தார் சாதி கடந்து மணக்க வழிசெய்தது 1937-ஆம் ஆண்டின் ஆரிய திருமணச் செல்லுபடிச் சட்டம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமோ சாதி வேற்றுமையைத் தடையாகவே கருதவில்லை. மேலும், தயானந்தர் 1875-இல் தொடங்கிய ஆரிய சமாஜம் உருவ வழிபாட்டைத்தான் மறுத்ததே தவிர வேத வேள்வியை மறுக்கவில்லை என்பதால், அங்கே சென்றாலும் ஓமம் உண்டு.

உங்கள் பிள்ளைகள் கேட்பது நம் பக்கத்திலேயே தொடங்கிய வழக்கம். மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் தலைமையில் நடந்ததையே முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடுவர். ஆயினும், சடங்கு நடக்காததால் அத்தகைய மணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணாவின் அரசு 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்த பிறகே அந்தக் குறை நீங்கியது. அதற்கு முன் அவ்வாறு மணந்தவர்களின் திருமணங்களும் செல்லுபடியாயின. இந்து சமயத்தையே மறுத்த ஓர் இயக்கத்தின் திருமண முறை இந்து திருமணச் சட்டத்துக்குள் இடம்பெற்றது விந்தைதான்; எனினும் நடைமுறையில் இதைவிட எளிய வழி வேறில்லை.

அப்பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவராகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது முதலான பொது நிபந்தனைகள் இதற்கும் பொருந்தும்.

பதிவில் மட்டும் அலட்சியம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போய்விடாது. அதேபோல, திருமணமே நடக்காமல் பெற்ற சான்றிதழால் திருமணம் உண்டாகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2024-இல் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே மாலை மாற்றும் படம், அழைப்பிதழ், வயது மற்றும் முகவரிச் சான்றுகள் ஆகியவற்றுடன் சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

7-ஏ பிரிவு இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். மணமகன் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருப்பின், 30 நாள் அறிவிப்புடன் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணம் செய்ய வேண்டியிருக்கும்.