அனோரெக்ஸியாவிலிருந்து மீண்டுவரும் தோழியை ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறேன். மெனுவில் உள்ள கலோரி எண்கள் அவளைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் இந்த அனோரெக்ஸியா நோய் எனக்கும் இருந்தது. லண்டனில் வசிப்பதால் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உணவக நிறுவனங்கள் மெனுவில் கலோரியைப் போட்டாக வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 அன்று அமலுக்கு வந்தது. உடல் பருமனைக் குறைப்பதுதான் நோக்கம். அப்போது நான் சிகிச்சையில் இருந்தேன். எண்களைப் பார்க்காமல் சாப்பிடப் பழக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாக்கெட்டின் பின்பக்க அட்டவணை என் கண்ணில் படக் கூடாதென்று அம்மா எல்லாவற்றையும் பிரித்து எவர்சில்வர் டப்பாக்களில் கொட்டி வைத்திருந்தார்.

மே மாதம் அக்கா பிறந்தநாளுக்கு ஒரு இத்தாலிய உணவகத்துக்குப் போனோம். காளான் பாஸ்தா சாப்பிட வேண்டும் என்று காரிலேயே சொன்னேன். பல மாதம் கழித்து எனக்காகவே ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். மெனுவைத் திறந்ததும் பாஸ்தாவின் பெயரைப் படிக்கும் முன்பே அதன் எண் கண்ணில் பட்டது. அப்புறம் அடுத்த எண், அதற்கடுத்தது. சர்வர் வருவதற்குள் அந்தப் பக்கம் முழுவதையும் குறைந்ததிலிருந்து கூடியது வரை மனத்துக்குள் வரிசைப்படுத்திவிட்டேன். கேட்டது சாலட், அதுவும் டிரெஸ்ஸிங் இல்லாமல். அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை. (எந்த எண் என்று இங்கே எழுத மாட்டேன். இந்த நோய் உள்ளவர்கள் படித்தால் அதையே அளவாக வைத்துக்கொள்வார்கள்.)

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் பெண்களிடம் மெனுவைக் காட்டி எதை ஆர்டர் செய்வீர்கள் என்று கேட்டார்கள். கலோரி போட்ட மெனுவைப் பார்த்தபோது அனோரெக்ஸியா, புலிமியா (அளவின்றி உண்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்ட முயலும் நோய்) அறிகுறி உள்ளவர்கள் குறைவாகத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுப்பாடின்றி அதிகம் உண்ணும் கோளாறு உள்ளவர்கள் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். நோய் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கமே எண்ணும் தள்ளுகிறது. மற்றவர்களுக்குப் பலன் உண்டா என்றால், பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2025 மீளாய்வின்படி சராசரியாக 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கலோரி குறைகிறது. இவ்வளவு சிறிய பலனுக்கு எங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் விலை அதிகம் என்பதே என் கருத்து.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வாடிக்கையாளர் கேட்டால் எண் இல்லாத மெனுவைத் தரலாம் என்று இங்குள்ள சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நோயை மறைத்தே பழகிய ஒருத்தி நாலு பேர் முன்னால் சர்வரிடம் அதைக் கேட்க மாட்டாள், நானும் கேட்கவில்லை. அதனால் முந்தின நாளே நீங்கள் போன் செய்து கேட்டுவிடுங்கள். சிறிய கடை என்றால் இந்தத் தொல்லையே இல்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு சின்னத் தோசைக் கடையில்தான் நான் மறுபடி கணக்குப் போடாமல் சாப்பிட ஆரம்பித்தேன். நீங்கள் இந்தியாவில் இருந்தால், 10 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்களுக்கு 2022 ஜூலை முதல் இதே போன்ற விதி உண்டு.

எண் இல்லாத மெனு கிடைக்காவிட்டால் மெனுவை நீங்களே வாங்கிப் பெயர்களை மட்டும் படித்துக் காட்டுங்கள். அம்மா இப்போதும் அப்படித்தான் செய்கிறார். விரலை வரிக்கு வரி நகர்த்தி நிதானமாகப் படிப்பார். எனக்குப் பிடித்தது வந்ததும் நிறுத்தச் சொல்வேன்.