ஆட்டின் கழுத்துச் சதையும் மாட்டின் திமிலும்: கால்நடை கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வெள்ளாடுகளில் இரண்டுக்கு மட்டும் கழுத்தின் இருபுறமும் விரல் போன்ற சதை தொங்குகிறது. அது உள்ள ஆடு கூடுதலாகப் பால் தரும் என்கிறார் தரகர். முள்ளில் சிக்கிக் கிழியும், அறுத்துவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையில் அது எதற்காக இருக்கிறது?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இருவர் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அந்தச் சதையின் நடுவே குருத்தெலும்பு தண்டுபோல் ஓடுகிறது. அதைச் சுற்றி ரத்தக் குழாய்களும் நரம்புகளும், மேலே மயிர் மூடிய தோலும் இருக்கின்றன. பால் சுரக்கும் வேலையில் அதற்குப் பங்கு இல்லை. பயன் இல்லாத ஒன்றுக்கு உவமையாக 'அஜாகலஸ்தனம்', அதாவது ஆட்டின் கழுத்து முலை, என்று வடமொழியில் வழங்கியிருப்பதைப் பார்த்தால், ஆடு வளர்த்தவர்கள் இதைப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

இது பரம்பரையாக வருவது. சுவிட்சர்லாந்து வெள்ளாடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, இதற்குக் காரணமான இடம் பத்தாவது குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. கருவில் கால்கள் உருவாகும் வேலையில் பங்குள்ள இரண்டு மரபணுக்கள் அமைந்துள்ள பகுதி அது. எனவே ஏதோ ஒரு தேவைக்காக முளைத்த உறுப்பு என்பதைவிட, கரு வளர்ச்சியின் போக்கில் நேர்ந்த சிறு மாறுதல் என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. இது ஓங்கு பண்பு என்பதால், கிடா, பெட்டை இரண்டில் ஒன்றிடமிருந்து அந்தக் கூறு வந்தாலே குட்டிக்குச் சதை தொங்கும். இரண்டுக்கும் இல்லையென்றால் பொதுவாகக் குட்டிக்கும் வராது. உங்கள் மந்தையில் இரண்டுக்கு மட்டும் இருப்பதன் காரணம் இதுதான்.

நரம்பும் ரத்தமும் ஓடும் இடத்தைக் காரணமில்லாமல் அறுப்பது ஆட்டுக்கு வலியைத் தவிர வேறொன்றும் தராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில குட்டிகளுக்கு அந்தச் சதையின் அடியில், சூடோ வலியோ இல்லாத, மென்மையான நீர்க்கட்டி இருக்கும். அதைச் சீழ்க்கட்டி என்று நினைத்து வீட்டிலேயே கீறிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாட்டு மாட்டுக்குத் திமில் இருக்கிறது, ஜெர்சிக்கு இல்லை. ஒட்டகத்தைப் போலக் கொழுப்பைச் சேமிக்கவும் வெயிலைத் தாங்கவும் அமைந்ததா திமில்?
– வாசகர், தாராபுரம்

பதில்: ஒட்டகத்தின் திமில் கொழுப்புக் கிடங்கு, நாட்டு மாட்டின் திமில் பெரும்பாலும் தசை. தோள் எலும்பை முதுகோடு பிணைக்கும் அந்தத் தசை ஜெர்சிக்கும் உண்டு, ஆனால் மேலே எழும்பித் தெரியாது. ஆண் சுரப்புநீரால் அது பெருக்கிறது என்பதால்தான் பொலிகாளையின் திமில் ஓங்கி நிற்கிறது, காயடித்த எருதின் திமில் சிறுத்துக் காணப்படுகிறது. உங்கள் பகுதிக் காங்கேயம் மாடுகளிலேயே இந்த வேறுபாட்டைப் பார்த்திருப்பீர்கள்.

வெயிலைப் பொறுத்தவரை, திமிலும் கழுத்தின் கீழ்த் தொங்கும் அலைதாடியும் உடற்பரப்பைக் கூட்டி வெப்பத்தை வெளியேற்றுகின்றன என்று பலகாலம் கருதப்பட்டது. ரெட் சிந்தி என்னும் திமிலுள்ள இனத்துக் காளைகளில் இவற்றை அறுவை செய்து நீக்கிப் பார்த்த ஆய்வில், வெப்பம் தாங்கும் திறன் பெரிதாகக் குறையவில்லை. நாட்டு மாட்டைக் காப்பவை தோலின் மேற்பரப்பை ஒட்டியுள்ள பெரிய வியர்வைச் சுரப்பிகளும், குட்டையான வழவழப்பான மயிரும், உடலுக்குள் குறைவாக வெப்பம் உண்டாகும் தன்மையுமே ஆகும்.

கேள்வி: ஆட்டின் கண்மணி ஏன் படுக்கைக் கோடாக இருக்கிறது?
– பள்ளி மாணவி, திருமங்கலம்

பதில்: இதற்குத் தெளிவான பயன் உண்டு. தலையின் பக்கவாட்டில் கண் உள்ள, இரையாகக்கூடிய விலங்குக்கு, தரையை ஒட்டி எந்தப் பக்கமிருந்தும் வரும் பகையைப் பார்க்கப் படுக்கைக் கண்மணி உதவுகிறது; மேலிருந்து விழும் வெயிலின் கூச்சத்தையும் அது குறைக்கிறது. மேய்வதற்குத் தலையைக் குனிந்தால் கோடு செங்குத்தாகிவிடாதா என்று தோன்றும். அப்படி ஆவதில்லை, ஏனென்றால் தலை தாழும்போது ஒவ்வொரு கண்ணும் குழிக்குள் 50 பாகைக்கு மேல் சுழன்று, கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறது. மேயும் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் நீயே இதைப் பார்க்கலாம்.