மார்பகத் தழும்பின் மேல் பச்சை குத்தலாமா? சில கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருபத்திரண்டு ஆண்டுகள் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்தேன். பிறகு எனக்கே புற்றுநோய் வந்து இடது மார்பகத்தை எடுத்தார்கள். அந்தத் தழும்பின் மேல் இப்போது ஒரு முல்லைக்கொடி படர்ந்திருக்கிறது. கோயில் மகளிர் கூட்டத்தில் இதைச் சொன்ன நாள் முதல் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் சொல்வது ஒன்றாகவும் உங்களைப் பரிசோதித்த மருத்துவர் சொல்வது வேறாகவும் இருந்தால், மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்: அக்கா, எனக்கு அறுவை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. டிசம்பரில் மகள் திருமணம். அதற்குள் பச்சை குத்திக்கொள்ளலாமா?

வேண்டாம் தங்கச்சி. தையல் பிரித்ததும் காயம் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் தோலுக்கு அடியில் தழும்பு மாதக்கணக்கில் மாறிக்கொண்டேதான் இருக்கும். சிவந்து, தடித்து, அரித்துக்கொண்டிருந்தால் அது இன்னும் முதிரவில்லை. நிறம் வெளுத்து, தட்டையாகி, விரல் வைத்து நகர்த்தினால் தோல் இளக்கமாக அசைய வேண்டும். அதற்குக் குறைந்தது ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு பிடிக்கும். கதிர்வீச்சு எடுத்தவர்கள் அதன் கடைசி நாளிலிருந்து எண்ண வேண்டும், ஏனென்றால் அந்தத் தோல் மெலிந்து, காயத்தை மெதுவாகத்தான் ஆற்றும். கீமோ நடக்கும்போது வெள்ளணுக்கள் குறைந்திருப்பதால் பச்சை குத்தும் பேச்சே கூடாது. நான் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தேன். மகள் திருமணத்துக்கு நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நில்லுங்கள், அது போதும்.

ஃபீனிக்ஸ்: கதிர்வீச்சு கொடுக்கும் முன் மார்பில் கறுப்புப் புள்ளிகள் குத்தினார்கள். அவை மறையும்படி படம் போடலாமா?

அந்தப் புள்ளிகளும் பச்சைதான். தினமும் ஒரே இடத்தில் கதிர் விழ வேண்டும் என்பதற்காக வைக்கும் அடையாளம் அது. நம்மில் பலர் விரும்பிக் குத்திக்கொள்ளாத முதல் பச்சை அதுதான். மறைக்கலாம். ஆனால் எந்தப் பகுதிக்குக் கதிர் கொடுத்தார்கள் என்பதைப் பின்னாளில் அறிய அந்தப் புள்ளிகள் உதவக்கூடும். கதிர்வீச்சுப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டு, புள்ளிகள் தெரியும்படி ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு மறையுங்கள்.

டொங்காட்: மாமியார், “நம் குடும்பத்துப் பெண்கள் டாட்டூ போடுவதா? கோயிலுக்குள் எப்படிப் போவாய்?” என்கிறார். என்ன சொல்வது அக்கா?

இந்தக் கேள்விக்காகவே நான் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியாரின் பாட்டி கையை அவருக்கே நினைவுபடுத்துங்கள். என் ஆயாவின், அதாவது என் பாட்டியின், முன்கையில் புள்ளி வைத்த கோலம் ஒன்று நீலம் பாரித்துக் கிடந்தது. சிறுமியாக இருந்தபோது அதன் மேல் விரல் வைத்துப் புள்ளிகளை எண்ணுவேன். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் இவற்றோடு உடம்பில் உள்ள அடையாளத்தையும் எழுதினார்கள். நம் பெண்களுக்கு ஊரில் குறத்தியர் வந்து பச்சை குத்துவார்கள். அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் அதுதான் மை. அந்தக் கையோடுதான் அவர்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். அம்மன் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் பயப்படுவது பச்சைக்காக மட்டும் அல்ல, உங்களுக்காகவும் இருக்கலாம். ஆனால் முடிவு உங்களுடையது. கண்ணாடி முன் தினமும் நிற்பது நீங்கள்தான். பச்சையே வேண்டாம், தழும்பு இப்படியே இருக்கட்டும் என்று தோன்றினால் அதுவும் முழுமையான முடிவுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அக்குளில் கணுக்களை எடுத்திருக்கிறார்கள். கை அவ்வப்போது வீங்கும். பச்சை குத்தலாமா? தைப்பூசத்துக்கு ஒரு வேண்டுதலும் பாக்கி இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று. நிணநீர்க்கணுக்களை எடுத்த பக்கத்தில் நீர் வடியும் வழி குறைந்துவிடுகிறது. அங்கே ஒரு சிறு துளை வழியாகக் கிருமி நுழைந்தாலும் வேகமாகப் பரவும், வீக்கமும் நிரந்தரமாகிவிடக்கூடும். அந்தப் பக்கத்துக் கையில் பச்சை வேண்டவே வேண்டாம். மார்பில் என்றால், வீக்கம் அடங்கியிருக்கிறதா என்று வீக்கத்துக்குச் சிகிச்சை தருபவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போது வீங்குகிறது என்றால் இப்போது இல்லை.

வேண்டுதலுக்கும் அதே கணக்குதான். அந்தப் பக்க மார்பிலோ முதுகிலோ கையிலோ அலகும் கொக்கியும் கூடாது. பால்குடத்தைத் தலையில் வைத்து இரு கையாலும் பிடித்து நடங்கள். கை கனக்கத் தொடங்கினால் உடன் வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

வெருலம்: மிகவும் வலிக்குமா?

வலிக்கும் இடமும் வலிக்காத இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அறுவையில் நரம்புகள் அறுபட்டதால் தழும்பின் நடுப்பகுதி மரத்துப்போயிருக்கும். ஓரங்களில் தொட்டாலே சுரீர் என்னும். சதை இல்லாததால் ஊசியின் அதிர்வு விலா எலும்பில் நேராகக் கேட்கும். எனக்கு வலியைவிட அந்த அதிர்வுதான் சங்கடமாக இருந்தது. மரத்த இடத்தில் வேறொரு ஆபத்து உண்டு: அளவுக்கு மீறிக் குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால் தழும்பின் மேல் வேலை செய்து பழகிய கையாக இருக்க வேண்டும். செயற்கை மார்பகம் உள்ளே வைத்தவர்கள், மேல்தோல் எவ்வளவு தடிமன் என்று வைத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த், இன்னொருவர்: எந்தப் படம் நன்றாக இருக்கும்? எனக்குக் கோலம் ஆசை.

கோலம் எனக்கும் ஆசைதான், ஆனால் தழும்பின் மேல் அது ஏமாற்றும். நேர்க்கோடும் சமச்சீரும் மேடுபள்ளத்தில் விழுந்தால் கோணலாகத் தெரியும். கொடி, இலை, இறகு போன்றவை தழும்பின் வளைவோடு சேர்ந்து ஓடும். பச்சை தழும்பின் நிறத்தைத்தான் மறைக்கும். மேடு மேடாகவே இருக்கும். தழும்பில் மை சீராக நிற்பதும் இல்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை உட்கார வேண்டி வரலாம்.

நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு ஆகியவை எடுபடா. கறுப்பு, கரும்பச்சை, அடர்சிவப்பு நிற்கும். நான் முல்லை கேட்டபோது, வெள்ளை நிற்காது என்று பச்சை குத்தும் கலைஞர் முதலிலேயே சொன்னார். சுற்றிலும் இலைகளை அடர்த்தியாகக் குத்தி, பூ இருக்கும் இடத்தை என் தோலாகவே விட்டுவிட்டார். என் முல்லை மாநிறத்தில் பூத்திருக்கிறது. அதைத்தான் இப்போது அதிகம் பிடித்திருக்கிறது. நம் நாட்டுப் புரோட்டியா மலரும் நன்றாக அமையும், அதன் இதழ்கள் கூர்மையாக, கறுப்புக் கோட்டிலேயே அழகாக வரும்.

பழைய காயத்தில் கீலாய்டு வளர்ந்தவர்கள், அதாவது தழும்பு காயத்தைத் தாண்டிப் பெருத்தவர்கள், இதைத் தவிர்ப்பதே நல்லது. கறுத்த தோலுக்கு அந்தத் தொல்லை அதிகம்.

உம்லாஸ்: நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கலைஞர் போட்ட புதுப் பச்சையின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஓராண்டு ஆன, தழும்பின் மேல் போட்ட பச்சையைக் காட்டச் சொல்லுங்கள். ஊசியை உங்கள் கண் முன்னால் உறை பிரிக்க வேண்டும். ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி. எல்லாம் பழைய ஊசியில் வரக்கூடியவை. மையைப் பற்றியும் கேளுங்கள். நான் முதலில் போன ஓர் இடத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மையை இளக்கினார்கள். எழுந்து வந்துவிட்டேன். 2011–12இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில், தயாரிப்பாளரே காய்ச்சி வடித்த நீர் கலந்து விற்ற சாம்பல்நிற மையால் 19 பேருக்குத் தோலில் கிருமித்தொற்று வந்தது. வடித்த நீருக்கே அந்தக் கதி.

லெனேசியா: நான் ஆண். எனக்கும் மார்பகம் எடுத்தார்கள். இது எனக்கும் பொருந்துமா அக்கா?

பொருந்தும் தம்பி. மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றில் ஒருவர் ஆண். வெட்கப்பட ஒன்றும் இல்லை. மேலே சொன்ன எல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஸ்டேங்கர்: பின்னால் பரிசோதனைக்குப் போகும்போது பச்சை இடைஞ்சல் செய்யுமா?

சொல்லிவிட்டால் செய்யாது. மையின் துகள்கள் நிணநீரோடு போய்க் கணுக்களில் தங்கும். மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், அவை சுண்ணாம்புப் படிவு போலத் தோன்றலாம். அறுவையில் கணு கறுத்துத் தெரியலாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் போகும்போது, எங்கே, எந்த ஆண்டு குத்தியது என்று சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பவரிடமும் சொல்லுங்கள், சில மைகளில் இரும்பு இருப்பதால் அரிதாகச் சூடு தெரியும். மார்பில் எதுவும் தடித்தால், பச்சை போட்டதால்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே காட்டுங்கள்.

டர்பன்: குத்திய பிறகு அம்மா மஞ்சள் பூசச் சொல்கிறார். பூசலாமா?

அம்மாவின் அன்புக்கு வணக்கம், ஆனால் பூசாதீர்கள். திறந்த காயத்தில் பொடி எதுவும் கூடாது. வாசனையில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, கலைஞர் சொன்ன களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். தளர்ந்த பருத்தி உடை போதும். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் மார்பை, தோல் முழுவதும் ஆறும் வரை வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் அடியில் வியர்வை தேங்கிவிடும். கடலிலும் நீச்சல் குளத்திலும் மூன்று வாரம் இறங்க வேண்டாம். சர்க்கரை நோய் நம்மவர்களிடம் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே நாள் குறியுங்கள். சிவப்பு பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ காலை வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள்.