விசாவுக்கு எடுத்த காப்புறுதி பனிச்சறுக்குக்கும் போதுமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மாசியில் சுவிஸிலுள்ள அக்கா வீட்டுக்குப் போகிறாராம், அத்தான் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போவாராம். விசாவுக்கு எடுத்த காப்புறுதி அதற்கும் போதுமா, 2009இல் கெண்டைக்காலில் பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, அனேகமாகப் போதாது. சுவிஸ் போக எடுக்கிற ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள்; அவசர சிகிச்சை, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் அதில் வரும். ஆனால் பல பத்திரங்களில், விலக்குகள் என்ற பகுதியில், பனி விளையாட்டுகள் சேராது என்று ஒரு வரி கிடக்கும். அப்படியானால் கால் முறிந்த செலவு முழுக்க உங்கள் தலையில், இல்லாவிட்டால் அத்தான் தலையில். மலையிலிருந்து ஹெலிகொப்டரில் இறக்கினால் அதற்கே ஆயிரக்கணக்கான பிராங்க் பில் வரும். பனிச்சறுக்கு சேருமா, மலை மீட்பு சேருமா, நான் இன்னொருவரை மோதிக் காயப்படுத்தினால் நட்டஈடு சேருமா என்று மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் "ஓம் ஓம், எல்லாம் கவர் ஆகும்" என்று சொன்னது பிறகு உதவாது. மேலதிகமாகக் கட்டிச் சேர்க்கலாம் என்றால் புறப்பட முன்னமே கட்டுங்கள். சேர்த்தாலும், குறிபோட்ட பாதையை விட்டு வெளியே போனாலோ குடித்துவிட்டுச் சறுக்கினாலோ பல நிறுவனங்கள் காசு தரா.

ஷெல் துண்டைக் கட்டாயம் சொல்லுங்கள். வன்னியில் எத்தனையோ பேர் அதோடுதான் வயலுக்குப் போய்வருகிறோம், அதனால் அது ஒரு வருத்தமாகவே நமக்குப் படுவதில்லை. காப்புறுதிக்காரருக்கோ அது ஏற்கெனவே இருந்த உடல்நிலை; மறைத்தால், அந்தக் காலில் அடிபடும்போது அதையே காரணம் காட்டிக் கைவிரிக்கலாம். காசைவிடப் பெரிய விஷயமும் ஒன்று இருக்கிறது. முழங்கால் திருகினால் அங்கே எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்வார்கள், அது பலமான காந்தம், உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அசையலாம், சூடாகலாம். இங்கேயே எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் படத்தை ஃபோனில் வைத்திருங்கள், அக்காவுக்கும் அனுப்புங்கள்; நீங்கள் மயங்கிக் கிடந்தால் அவர்தான் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். சறுக்குச் சப்பாத்தும் கவனம், அது கெண்டைக்கால்வரை ஏறி ஓடுபோல இறுக்கும். சப்பாத்தும் சறுக்குப் பலகையும் எடுக்கிற கடையிலேயே போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்று பாருங்கள், துண்டு இருக்கிற இடம் நொந்தால் வேறு சப்பாத்துக் கேளுங்கள்.

கடைக்காரர் நிறை கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். விழும்போது பலகை காலைவிட்டுக் கழன்றுவிட வேண்டும், சப்பாத்தைப் பலகையோடு பிடிக்கிற பூட்டை நிறை, உயரம், வயது, பழக்கம் பார்த்துத்தான் இறுக்குவார்கள். கூட்டிச் சொன்னால் பலகை கழராது, முழங்கால்தான் போகும். ஹெல்மெற் போடுங்கள். அத்தான் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதல் நாள் பயிற்றுநரிடமே பழகுங்கள், நீலக் குறி போட்ட இலகுவான பாதையை விட்டுக் கடினமான சிவப்புக்கோ கறுப்புக்கோ போகாதீர்கள். முன்னால் போகிறவருக்கே வழி, பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும்.

சரி, ஃபோனில் 1414 என்று பதிந்துகொள்ளுங்கள். அது ரேகா என்கிற ஹெலிகொப்டர் மீட்புச் சேவை. வலிஸ் மாநிலத்து மலைக்குப் போனால் மட்டும் 144.